சத்தம் நின்றுபோன வீடு

கெலசாயை மண்ணுக்குள் வைத்துவிட்டு ஊர்சனம் கைகால் கழுவிக் கலைந்துபோன அன்று சாயங்காலம், அவன் மனைவி இலாங் அடுப்பில் பானையை ஏற்றித் தினைக் கஞ்சியைக் கிளறியபோது அகப்பை பானையில் இடிக்கும் சத்தம் கேட்கவில்லை. அழுது அழுது காது அடைத்துவிட்டது, யாருக்குத்தான் அடைக்காது என்று நினைத்துக்கொண்டு அவள் பாட்டுக்குக் கிளறினாள். அப்புறம் பார்த்தால் விறகு சத்தமில்லாமல் வெடித்தது, கஞ்சி சத்தமில்லாமல் கொதித்தது, சுவரில் ஜப்பான்காரர்கள் காலத்துக் கடிகாரம் ஊமையாக ஆடிக்கொண்டிருந்தது, மகள் பிலாய் எதிரில் நின்று வாயைத் திறந்து திறந்து மூட, ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. பிலாயின் கண்ணில் பயத்தைப் பார்த்த பிறகுதான் போனது தன் காது இல்லை, வீட்டின் சத்தம் என்று இலாங்குக்குப் புரிந்தது. கஞ்சி அடிப்பிடிக்கும் என்பதால் கிளறுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

அதே சாயங்காலம்தான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தான். தைவான் தீவின் கிழக்குக் கரையில், மலை ஒரு பக்கமும் கடல் ஒரு பக்கமும் நெருக்க, நடுவில் கிடக்கும் சமவெளியில் இருக்கிற கனாலிங் என்ற அந்த ஊர் புயூமா மக்களின் ஊர். அவர்களில் கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீடு போகமாட்டாள், ஆண்தான் தன் கத்தியையும் தோள்பையையும் எடுத்துக்கொண்டு பெண் வீட்டுப் படியேறுவான், ஏறிய நாள் முதல் அந்த வீட்டு மனிதன் ஆவான். கெலசாயும் ஒரு காலத்தில் அப்படிப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவன்தான். ஆனால் இப்போது வந்த மாப்பிள்ளை பக்கத்து ஊரும் இல்லை, புயூமாவும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், சீனத்தில் ஷாண்டோங் என்ற சீமையிலிருந்து, தோற்ற படையோடு கப்பலேறி வந்து, இருபது வருஷம் பட்டாளத்துச் சமையல்காரனாக இருந்து ஓய்ந்த சூ என்பவன். மாமியாரைவிட ஐந்தாறு வயதுதான் இளையவன். சந்தையில் அவன் ஆவியில் வேகவைத்து விற்ற கோதுமை ரொட்டிக்காகத்தான் பிலாய் அவனைக் கட்டிக்கொண்டாள் என்று ஊரில் ஒரு கேலி உண்டு, அவள் அதை மறுத்ததும் இல்லை. அவன் வீடு புகும் நாளைக் கெலசாய் உயிரோடிருந்தபோதே குறித்துவிட்டான். பெரியவர் குறித்த நாளை மாற்றக்கூடாது என்று சூ தன் தகரப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்து இறக்கினான். பெட்டி தரையில் இடித்தும் சத்தம் வராததைக் கண்டு, இந்த ஊரில் மாப்பிள்ளைக்கு இப்படித்தான் வரவேற்பு போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு மரியாதையாக ஓரமாய் நின்றான்.

வாசலின் கோடியில் நின்ற இரண்டு பாக்கு மரங்கள்தான் எல்லை. அந்தப் பக்கம் நின்றால் ஊரின் எல்லாச் சத்தமும் கேட்கும், ஆலை வண்டி கரும்பேற்றிப் போவதிலிருந்து அடுத்த வீட்டுக்காரன் தும்முவது வரை. இந்தப் பக்கம் ஓர் அடி வைத்தால் எல்லாம் அறுந்துவிடும். மழை தகரக் கூரையில் விழுந்து சத்தமில்லாமல் வழிந்தது. கோழி முட்டையிட்டுவிட்டு ஊருக்கு அறிவிக்க முடியாமல் தவித்தது. நாய் குரைத்துப் பார்த்தது, மறுபடி குரைத்துப் பார்த்தது, பிறகு வெட்கப்பட்டதுபோல வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். கனாலிங் கொஞ்ச நாள் கண்டபடி பேசியது, பிறகு காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டது: துக்கம், வேறென்ன. துக்க வீட்டில் பாடக்கூடாது, ஆடக்கூடாது, சிரித்துப் பேசக்கூடாது என்பது அங்கே பழைய முறை. வருஷக் கடைசியில் ஊர் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து மலையேறி, வேட்டையாடி, பனியில் படுத்துக் கிடந்து, இறங்கி வருவார்கள். வந்த காலோடு அந்த வருஷம் சாவு விழுந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கைகோத்து நின்று பழைய பாட்டைப் பாடி, துக்கத்தில் இருப்பவர் தலையில் பூமுடி வைத்து, "இருட்டில் இருந்தது போதும், வெளியே வாருங்கள்" என்று அழைப்பார்கள். அதுவரைக்கும் வீடு அடங்கித்தான் இருக்க வேண்டும். இலாங்கின் வீடு கொஞ்சம் கூடுதலாக அடங்கிவிட்டது, அவ்வளவுதானே, கெலசாய் நல்ல மனிதன், அவனுக்கு இவ்வளவு துக்கம் தகும் என்று முடிவு கட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். முதலில் வந்தவள் ஓயாமல் அழும் கைக்குழந்தையோடு ஒருத்தி. குழந்தை அங்கேயும் அழத்தான் செய்தது, ஆனால் தன் சத்தம் தனக்கே கேட்காததால் சலித்துப்போய்த் தூங்கிவிட்டது. பிறகு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பாயை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு ஊர்த்தலைவர், பஞ்சாயத்துக்கு வந்த புருஷன் பெண்டாட்டிச் சண்டைகளை இங்கே அனுப்பத் தொடங்கினார்: இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கையை நீட்டி, கழுத்து நரம்பு புடைக்க, சத்தமே வராமல் ஒருவரை ஒருவர் திட்டித் தீர்த்துவிட்டு, பாக்கு மரத்தைத் தாண்டும்போது என்ன சண்டை என்பதை மறந்து சிரித்துக்கொண்டு போனார்கள். மலையடிவாரத்துக் கோயிலில் இருந்த சுவிஸ் நாட்டுப் பாதிரியார் ஒரு நாள் வந்து முட்டி போட்டு நெடுநேரம் ஜெபம் செய்துவிட்டு, தன் கோயிலில் இவ்வளவு அமைதி இல்லையே என்ற பொறாமை முகத்தில் தெரிய எழுந்து போனார். இத்தனை பேர் கூடுகிற வீட்டிலிருந்து ஒரு பேச்சும் வெளியே வரவில்லையென்றால் நிச்சயம் அரசாங்கத்துக்கு விரோதமான கூட்டம்தான் என்று சந்தேகப்பட்ட போலீஸ்காரர் ஒருவர் ஓசைப்படாமல் உள்ளே நுழைந்தார். ஓசைப்பட்டிருந்தாலும் ஒன்றுமில்லை. சுவரோரம் சாய்ந்தார், தூங்கிப்போனார், அதன்பின் வாரந்தோறும் கண்காணிப்புக்கு வந்துகொண்டிருந்தார்.

அதுதான் அந்த ஊரின் குணம். ஜப்பான்காரன் வந்து இலாங்குக்கு ஹருகோ என்று பெயர் வைத்தபோது ஹருகோ ஆனாள், அவன் போய்ச் சீனக்காரன் வந்து வேறொரு பெயர் எழுதிக் கொடுத்தபோது அதுவும் ஆனாள், வீட்டில் எப்போதும்போல இலாங்காகவே இருந்தாள். வந்ததை உள்ளே விட்டு, உட்கார இடம் காட்டி, வெற்றிலை பாக்குக் கொடுத்துப் பழக்கிவிடுவது அவர்களுக்குக் கைவந்த கலை. சத்தமின்மைக்கும் அதே மரியாதைதான் நடந்தது.

இலாங்குக்கு அந்த வருஷத்தில் ஒரு லாபம் உண்டு, வெளியே சொல்லிக்கொள்ள முடியாத லாபம். அவளுக்குத் தன் மொழியும் ஜப்பானிய மொழியும் தெரியும், சூவுக்குத் தன் சீமைப் பேச்சும் பட்டாளத்துச் சீனமும்தான் தெரியும். சத்தம் இருந்திருந்தால் மாமியாரும் மாப்பிள்ளையும் பிலாய் நடுவில் நின்று மொழிபெயர்க்கக் காத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் கூசிக்கொண்டே காலம் தள்ளியிருப்பார்கள். சத்தம் இல்லாத வீட்டில் எல்லோரும் சமம். உப்பு வேண்டுமா என்று விரலால் கேட்டாள், போதும் என்று கண்ணால் சொன்னான். அவன் மாவு பிசைய, அவள் தினையை வறுத்து உள்ளே வைக்க, சீன ரொட்டிக்குள் புயூமாத் தினை புகுந்து ஒரு புதுப் பலகாரம் பிறந்தது. தன்னைத் துரத்திய ஒரு பட்டாளத்து அதிகாரியை அவன் நடித்துக் காட்டிய நாளில், துக்க வீடென்பதையும் மறந்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புச் சத்தம் வரவில்லை என்பதால் முறை தவறியதாகவும் ஆகவில்லை. புருஷனை இழந்த வருஷம் அது. ஆனாலும் பிற்பாடு, எல்லாம் முடிந்து வெகுகாலம் ஆன பின்னும், அந்த வருஷத்தை நினைத்தால் அவளுக்கு நெஞ்சு இனித்தது, இனித்ததற்காக வலித்தது.

வசந்தத்தில் பிலாய் உண்டானாள். வயிறு தெரியத் தொடங்கியதும் மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, இலாங்கைப் பாக்கு மரத்துக்கு வெளியே கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"இதப் பாரு இலாங். கொழந்தை தலை வெளிய வந்ததும் நான் கண்ண மூடிக்குவேன். அழுகைதான் எனக்குக் கண்ணு. அழுகையக் கேட்டாத்தான் மூச்சு ஏறிச்சா, சளி அடைச்சிருக்கா, தட்டணுமா, விடணுமான்னு தெரியும். இங்க ஒண்ணும் கேக்காது. உம் பேரக்கொழந்தை மூச்சு விடாம கெடந்தாலும் எனக்குத் தெரியாமப் போயிடும்."

"டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்னு மாப்பிள்ளை சொல்றாரு," என்றாள் இலாங்.

கூட நின்ற பிலாய் ஒரே போடாகப் போட்டாள். "போகமாட்டேன். நீ இந்த வீட்டுல பொறந்தே, நான் இந்த வீட்டுல பொறந்தேன். இங்க பொறந்தாத்தான் இந்த வீட்டுக்காரி. ஆஸ்பத்திரில பொறந்தா அது யாரோட வீட்டுப் பிள்ளை? டாக்டர் வீட்டுதா?"

மருத்துவச்சி பெருமூச்சு விட்டாள். "அப்போ பிரசவத்துக்கு முன்னாடி துக்கத்த எடுக்கச் சொல்லு, இல்லன்னா நான் வரமாட்டேன். ஆம்பளைங்க எதுக்கு இருக்காங்க."

ஆம்பளைகள் எங்கே இருந்தார்கள்? வாலிபர்கள் பாதிப் பேர் சூரை மீன் பிடிக்கும் கப்பல்களில் ஏறி, பெயர் தெரியாத கடல்களில் மிதந்துகொண்டிருந்தார்கள். மீதிப் பேர் வடக்கே நகரத்தில் மாடிக்கு மேல் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். மலைப் பாதையில் கம்பிவேலி போட்டு, அனுமதியில்லாமல் ஏறக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். கெலசாய் இருந்தவரைக்கும் அவனும் இன்னும் சில கிழவர்களும் வருஷந்தோறும் வேலிக்குக் கீழே புகுந்து போய்வந்தார்கள், பெயருக்காவது முறை நடந்தது. இப்போது அவனும் இல்லை. தவிர, உண்மையைச் சொன்னால், ஊரில் யாருக்கும் அவசரமும் இல்லை. கூட்டம் போட்டுப் பேசியபோது, பரீட்சை முடியட்டுமே என்றார் ஒருவர், என் பெண்டாட்டிக்கும் எனக்கும் இன்னும் ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது என்றார் இன்னொருவர். ஊர்த்தலைவர் மோவாயைத் தடவிக்கொண்டு, "அந்த வீடு அப்படி இருக்கறதுல நமக்கொண்ணும் நஷ்டமில்லையே," என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், இங்கே ஓநாய் அழக்கூட இல்லை.

இலாங்கின் தம்பி யோசேப்பு ஞானஸ்நானம் வாங்கியவன், பாதிரியாருக்கு உபதேசியாராக இருந்தான். அக்காள் முகத்தைப் பார்த்து அவனுக்கு மனசு பொறுக்கவில்லை. முதலில் கோயிலில் பூசை வைத்துப் பார்த்தான், பலிக்கவில்லை. வருஷக் கடைசி வந்தது. கிழவர்கள் முழங்காலைக் காட்டி முனகினார்கள். அப்போது அவனுக்கு ஒரு யோசனை உதித்தது, நல்லெண்ணத்தில்தான் உதித்தது. ஆலை லாரி ஒன்றைப் பிடித்து ஆண்களை ஏற்றிக்கொண்டு, மலைக்குப் போவதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, அடிவாரத்துக் கந்தக வெந்நீர் ஊற்றுக்குப் போனான். அங்கே முழங்காலுக்கு இதமாக ஊறிக் கிடந்து, கள் குடித்து, திரும்பும் வழியில் சந்தையில் ஒரு காட்டுப்பன்றித் தொடை வாங்கி மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு, வேட்டைக்காரர் நடை நடந்து வந்து சேர்ந்தார்கள். சூவை அவர்கள் கூப்பிடவில்லை. வாசலில் கைகோத்து நின்றார்கள், வாயசைத்தார்கள், இலாங் தலையில் பூமுடி வைத்தார்கள். கடிகாரம் ஊமையாக ஆடியது. அதுவரை எல்லை பாக்கு மரத்தோடு நின்றிருந்தது. அன்று அது மரத்தைத் தாண்டி நடுத்தெரு வரைக்கும் நகர்ந்துவிட்டது.

இலாங் தம்பியின் கையைப் பிடித்துத் தெருவின் மறுகோடிக்கு இழுத்துப் போனாள்.

"ஏண்டா, மலையில கந்தக வாசனையா அடிக்குது?"

யோசேப்பு தலை குனிந்தான். "அக்கா, அவங்களால ஏற முடியலக்கா."

"முடியலன்னா முடியலன்னு சொல்லு. செத்தவன் உன் கால் வலிய மன்னிச்சிடுவான், பொய்ய மன்னிக்க மாட்டான். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கலாம்னு பாத்தியா? உள்ள ஒருத்தி நெறமாசமா இருக்கா. அந்தக் கொழந்தைக்கு மூச்சு வரலன்னா நான் யாரக் கேக்கறது? உன்னையா, உன் பாதிரியாரையா?" சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்து அழுகை வந்தது. ஒரு வருஷமாக வீட்டுக்குள் அழுத அழுகையெல்லாம் தனக்கே கேட்காமல் போனவள் அவள். இன்று தெருவில் தன் அழுகையைக் கேட்டபோது அவளே பயந்துபோனாள்.

பின்னாலேயே வந்து நின்ற சூவுக்குப் பேச்சு பாதிதான் புரிந்தது, அழுகை முழுக்கப் புரிந்தது. "அத்தை," என்றான், அவனுக்குத் தெரிந்த கொஞ்சம் புயூமாச் சொற்களைப் பொறுக்கியெடுத்து. "மலை. நான் போறேன். கெழவங்க நடக்கல, நான் தூக்கறேன்."

சொன்னபடி செய்தான். மறுநாள் விடிந்ததும் சூவும் யோசேப்பும் மூன்று கிழவர்களும் கிளம்பினார்கள். கம்பிவேலியைப் பட்டாளத்துக்காரன் கையால் தூக்கிப் பிடித்து ஒவ்வொருவராக உள்ளே விட்டான். செங்குத்தான இடங்களில் கிழவர்களை மாறி மாறி முதுகில் சுமந்தான். கிழவர்கள் முதல் நாள் அவன் ரொட்டியைப் பார்த்து முகம் சுளித்தார்கள், இரண்டாம் நாள் இன்னொன்று கேட்டார்கள். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, உனக்குச் சொந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று யோசேப்பு சீனத்தில் கேட்டான். பத்தொன்பது வயதில் அம்மா உப்பு வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள், கடைக்குப் போகிற வழியில் படை வந்து பிடித்துக்கொண்டு போய்விட்டது, அதோடு சரி என்று சூ சொன்னான். யோசேப்பு "பாவம்" என்றான். பிறகு பேச்சு வேட்டைக்குத் திரும்பிவிட்டது. வேட்டையில் அகப்பட்டது ஒரே ஒரு பறக்கும் அணில்.

அவர்கள் இறங்கி வந்த காலையில் ஊர் எல்லையில் பெண்கள் பூமாலையோடு காத்திருந்தார்கள். மலையிலிருந்து வருபவனுக்கு அவன் தாயோ தமக்கையோ மனைவியோ மாலை போடுவது வழக்கம். யோசேப்புக்கு அவன் மனைவி போட்டாள், கிழவர்களுக்கு மகள்கள் போட்டார்கள். சூவுக்குப் போட ஆளில்லை. துக்கத்திலிருக்கும் இலாங் ஊர் எல்லைக்கு வரக்கூடாது; பிலாய்க்கோ விடியற்காலையிலேயே வலி கண்டுவிட்டது. வெறுங்கழுத்தோடு அவன் கூட்டத்தின் பின்னால் நடந்து வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வரமாட்டேன் என்று சொன்ன மருத்துவச்சி வந்திருந்தாள். வலி என்று வந்தபின் எந்த மருத்துவச்சி வீட்டில் உட்கார்ந்திருப்பாள்? உள்ளறையில் பிலாய் வாய் கிழியக் கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. கதவருகே நின்று மருத்துவச்சி இலாங்குக்கு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்: நேரம் இல்லை.

ஆண்கள் வாசலில் வரிசையாக நின்று, கையைக் குறுக்கே நீட்டி, பக்கத்தில் நிற்பவனைத் தாண்டி அடுத்தவன் கையைப் பற்றிக்கொண்டார்கள். பாட்டின் தாளம் காதுக்கு வராது என்பதால் மூத்த கிழவர் கையை அழுத்த, அந்த அழுத்தத்தை அடுத்தவன் வாங்கி அடுத்தவனுக்குக் கொடுக்க, தாளம் கை வழியாகவே வரிசை முழுக்கப் போய்த் திரும்பியது. கால்கள் பக்கவாட்டில் போயின, வந்தன. பாட்டு முடிந்ததும் யோசேப்பு பூமுடியை எடுத்து அக்காள் தலையில் வைத்தான். நேற்றுப் பறித்த மலைப்பூ, பெரணி இலை, பனி வாசனை. இந்த முறை பொய் ஒன்றும் இல்லை.

ஒன்றும் நடக்கவில்லை.

அவர்கள் மறுபடி பாடினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசேப்பு சிலுவை போட்டுக்கொண்டான். முறை எதில் குறைந்தது, மலையேறி வந்துவிட்டார்கள், பாடிவிட்டார்கள், முடி வைத்துவிட்டார்கள், இந்த வீட்டுத் துக்கம் இன்னும் என்ன கேட்கிறது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்த இலாங்கின் கண் வரிசையின் கடைசியில் நின்ற சூவிடம் வந்து நின்றது. பந்தியில் இடம் கிடைக்காதவன் அடுத்தவன் இலையைப் பார்ப்பதுபோல அவன் அவள் தலையிலிருந்த பூமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வருஷமாக அவனோடு கையாலேயே பேசிப் பழகியவள் அவள். இரண்டு கைகளையும் சேர்த்துக் குழந்தையை ஆட்டுவதுபோல ஆட்டினாள், பிறகு அவனைச் சுட்டினாள்: உன்னைப் பெற்றவள்?

சூ உள்ளங்கையைத் திறந்து காட்டினான். தெரியாது. இருக்கிறாளா, போய்விட்டாளா, தெரியாது.

இலாங்குக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது, விளங்கியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. படியேறி வந்தவன் அந்த வீட்டு மனிதன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஊர் இது. வாயால் சொன்னார்கள். அவன் பெட்டியை உள்ளே வைக்க இடம் கொடுத்தார்கள், அவன் ரொட்டியைத் தின்றார்கள், அவன் முதுகில் ஏறி மலைக்குப் போனார்கள், ஆனால் துக்கம் எடுக்க வந்தபோது இந்த வீட்டில் துக்கத்திலிருப்பது ஒருத்திதான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். திரும்பி வராத மகனை எதிர்பார்த்து எங்கேயோ ஒருத்தி உட்கார்ந்திருக்க, இருபது வருஷமாக எந்த ஆணும் மலையிலிருந்து இறங்கி வந்து இவன் வாசலில் பாடவில்லை. இவனுக்கு வாசலே இருக்கவில்லை. வாசல் கிடைத்த சாயங்காலமே இவன் துக்கமும் இவனோடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு வீட்டில் இரண்டு துக்கம் இருக்க, ஒரு தலைக்கு முடி வைத்தால் எப்படி அடங்கும்?

அவள் தன் தலையிலிருந்த பூமுடியைக் கையால் பற்றினாள். யோசேப்பு பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். துக்கத்திலிருப்பவர் தலையில் வைத்த முடியைத் தானே எடுத்தால் அடுத்த வருஷக் கடைசிவரை துக்கம் நீளும் என்பது முறை, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இலாங்குக்குத் தெரியாதா? உள்ளறையில் மகளின் வாய் திறந்திருந்தது. தப்பாக நினைத்துவிட்டோமென்றால் பிறக்கப்போகிற உயிருக்கு ஆபத்து, சரியாக நினைத்தோமென்றால் இவனை இன்னும் ஒரு கணம் வெளியே நிறுத்துவது பாவம். தம்பியை ஒரு கையால் விலக்கிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனாள். சூ அவளைவிட ஒரு முழம் உயரம். தலையைத் தாழ்த்து என்று விரலால் காட்டினாள். அவன் முட்டி போட்டான். பூமுடியை அவன் தலையில் வைத்துவிட்டு, கிழவர்களைப் பார்த்து, பாடுங்கள் என்று கையை வீசினாள்.

அவர்கள் பாடினார்கள். கை அழுத்தம் ஒரு சுற்றுப் போய்த் திரும்பியது. இரண்டாம் சுற்றின் நடுவில், ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல், கிழவர்களின் பாட்டு ஊரே அதிர வெளியே வந்து விழுந்தது. ஆளுக்கொரு சுருதி, யாருக்கும் யாரோடும் பொருந்தாத கர்ணகடூரம். தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்ட மூத்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். கடிகாரம் தட்டியது. கோழி ஒரு வருஷத்துப் பாக்கியைக் கொக்கரித்தது. சூ தரையில் கவிழ்ந்து கிடந்து கேவும் சத்தம் கேட்டது. அத்தனைக்கும் மேலே உள்ளறையிலிருந்து பிலாயின் குரல், தாய்மொழியிலும் பள்ளிக்கூடத்துச் சீனத்திலும் அம்மாவிடம் பொறுக்கிய ஜப்பானியத்திலுமாகக் கலந்து கட்டி வந்தது.

"யோவ் ரொட்டிக்காரா! அணில் பிடிக்கவாய்யா போன? இங்க உயிர் போகுது, வாசல்ல என்னய்யா கச்சேரி? உள்ள வா, உன் மூஞ்சியப் பேத்துடறேன்!"

தெருவில் கூடியிருந்த சனம் சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது. இலாங் சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டி நின்றாள். பிலாயின் திட்டு நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை; அந்த ஒரு வருஷத்துச் சத்தமின்மை முழுவதையும் சேர்த்தாலும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஈடாகாது. பிறகு மருத்துவச்சியின் கை தட்டும் சத்தம். பிறகு சளியை வழிக்கும் சத்தம். மறுபடி தட்டும் சத்தம். பிறகு மெல்லியதாக ஒரு தும்மலும், அதைத் தொடர்ந்து, என்னை யார் இங்கே கூப்பிட்டது என்று கோபித்துக்கொள்கிற மாதிரி ஒரு வீறலும் கேட்டன.

"பொண்ணு!" என்று உள்ளேயிருந்து மருத்துவச்சி கத்தினாள். "வீட்டுக்காரி வந்துட்டா! சளி அடைச்சுக் கெடந்துச்சு. நல்ல வேளை, கேட்டுச்சு."

அந்த மக்களில் பிறந்த குழந்தைக்குக் குடும்பத்து மூத்தவர் ஒருவரின் பெயரை வைப்பார்கள். இலாங் தன் தாயின் பெயரைத்தான் நினைத்து வைத்திருந்தாள். ஆனால் துணியில் சுற்றிய குழந்தையை வாங்கியதும், அதைச் சூவின் கையில் கொடுத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளையோட அம்மா பேரு என்னன்னு கேளு."

யோசேப்பு கேட்டான். சூ குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டான். பூமுடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான், யோசேப்பு அதை அப்படியே திருப்பிச் சொன்னான்.

"பேரு தெரியாதாம் அக்கா. ஊர்ல எல்லாரும் அவங்கள சூ வீட்டுக்காரின்னுதான் கூப்பிடுவாங்களாம். அவங்க பேரச் சொல்லி யாரும் கூப்பிட்டு இவர் கேட்டதில்லையாம். இவர் நியாங்னு கூப்பிடுவாராம்."

"நியாங்னா?"

"அம்மான்னு அர்த்தம்."

"சரி," என்றாள் இலாங். "அப்போ அதுதான் பேரு."

சத்தம் வந்தபின் பழைய வசதிகள் எல்லாம் போயின. பிள்ளைகள் பரீட்சைக்கு வேறு இடம் தேடினார்கள், சண்டைக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே பாத்திரத்தை உடைத்தார்கள், போலீஸ்காரர் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தை அழுவதைக் கேட்டு ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார். இலாங்கும் சூவும் பேசக் கற்றுக்கொண்டார்கள், பேசக் கற்றுக்கொண்டதும் சண்டை போடவும் கற்றுக்கொண்டார்கள். விரலும் கண்ணும் போதுமாயிருந்த அந்த வருஷத்தின் பாஷை கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோயிற்று. அவள் அதற்காக ஏங்கினாள். ஏங்கினாலும் திரும்ப வேண்டும் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

நியாங் வளர்ந்தாள். ஊர் முழுக்க அவள் கால். சாயங்காலமானால் அவளைத் தேடிப் பிடிப்பது சூவின் வேலை. சோறு வடித்து வைத்துவிட்டு, மாவுக் கையோடு தெருவில் இறங்கி நின்று, இருபது வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, "நியாங்!" என்று அவன் கூப்பிடுவான். முதல் முதலாக அவன் அப்படிக் கூப்பிட்ட நாளில் அடுப்படியில் இருந்த இலாங் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டாள். கூப்பிட்ட குரல் வீடுகளைத் தாண்டி, கரும்புக்காட்டைத் தாண்டி, கடல் பக்கமாகப் போயிற்று. அவன் காதைத் திருப்பிக்கொண்டு காத்து நின்றான். கொஞ்ச நேரம் கழித்து எங்கிருந்தோ, மூச்சிரைக்க ஓடிக்கொண்டே, ஒரு சின்னக் குரல் பதில் சொன்னது.

"வந்துட்டேன்!"